புளியை எடுத்து உள்ளே வையுங்கள்: பழைய பித்தளை லென்ஸ்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

பழைய ஸ்டூடியோ கேமராக்களின் பித்தளை லென்ஸ்களைச் சுத்தம் செய்வது, பாதுகாப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விலை கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் இல்லை. லென்ஸைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

தாத்தாவின் ஸ்டூடியோ கேமராவில் இருந்த பித்தளை லென்ஸ் கிடைத்திருக்கிறது. 'ஃபோக்ட்லெண்டர்' என்று பொறித்திருக்கிறது. பழுப்பேறி, இடையிடையே கறுத்துக் கிடக்கிறது. குத்துவிளக்கு மாதிரிப் புளியும் உப்பும் போட்டுத் துலக்கிவிடலாம் என்கிறார் அம்மா. செய்யலாமா? – காரைக்குடி வாசகர்

கூடாது. புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் பித்தளைப் பொடி, பாட்டில் பாலிஷ் எதுவுமே வேண்டாம். குத்துவிளக்கு வெறும் பித்தளை. தேய்த்தால் அடியிலிருந்து புதுப் பித்தளை வரும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். லென்ஸ் குழல் அப்படியில்லை. 19ஆம் நூற்றாண்டில் அதைக் கடைசலில் கடைந்து, மெருகேற்றி, லேசாகச் சூடாக்கி, ஆல்கஹாலில் கரைத்த அரக்கை மெல்லிய பூச்சாகத் தடவினார்கள். நிறத்துக்காகச் சிலர் அதில் மஞ்சள், குங்குமப்பூ, சிவப்புப் பிசின் எல்லாம் சேர்த்ததுண்டு. நாம் 'பழைய பித்தளையின் தேன் நிறம்' என்று ரசிப்பது பெரும்பாலும் அந்தப் பூச்சின் நிறம். அந்த அரக்கும் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே போனது. ஒருமுறை தேய்த்தால் பூச்சு போய்விடும்; பொறித்த எழுத்தின் கூர்மையும் கொஞ்சம் போகும். இரண்டும் திரும்பி வராது.

பூச்சு மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லென்ஸைப் பலகையில் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றினால், அது மூடியிருந்த இடமும் வெளியே தெரிந்த இடமும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். மூடியிருந்த இடத்தில் மினுமினுப்பான பொன் நிறம் தெரிந்தால் பூச்சு உயிரோடு இருக்கிறது. சந்தேகமாக இருந்தால், கண்ணுக்குப் படாத ஓரத்தில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட காதுக்குச்சியை ஒரே ஒரு முறை உருட்டுங்கள். பஞ்சில் மஞ்சள் ஏறி, அந்த இடம் பிசுபிசுத்தால் அது அரக்கு. இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆல்கஹால் கலந்த எதுவும் இந்த உலோகத்தில் படக்கூடாது. கண்ணாடிக் கடையில் தரும் லென்ஸ் ஸ்பிரே, கைகழுவும் சானிடைசர் இரண்டிலும் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும். சானிடைசர் போட்ட கையோடு எடுத்து விரல் பதிந்த இடத்தில் பூச்சு பறிபோன லென்ஸ்கள் உண்டு.

இனி வேலைக்கு வரலாம். முன், பின் கண்ணாடிகளைப் பிடித்திருக்கும் உலோகக் கிண்ணங்கள் எளிதாகத் திருகி வந்தால் கழற்றித் தனியே வையுங்கள். குழல் மட்டும் மேசையில் இருக்கட்டும். மெல்லிய முடித் தூரிகையால் தூசியைத் தட்டி, ரப்பர் பல்பால் ஊதுங்கள். பிறகு 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் (பேட்டரிக் கடைத் தண்ணீரே போதும்) பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். எலுமிச்சை போட்ட வகை வேண்டாம். காதுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் உருட்டுங்கள். ஒரு தடவைக்கு ரூபாய் நாணயம் அளவு இடம். உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். குச்சியின் நிறத்தில் கண் இருக்கட்டும். கறுப்பும் பழுப்பும் வந்தால் அழுக்கு, தொடரலாம். பொன் மஞ்சள் வந்தால் பூச்சு, அங்கே நிறுத்திவிடுங்கள். மரைகளுக்குள் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்பு நீர் போதாது. பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் அரக்கைக் கரைக்காது, பிசுக்கைக் கரைக்கும். மரப்பிசினிலிருந்து வடிக்கும் டர்பன்டைன் வேறு, அது வேண்டாம். எழுத்துப் பள்ளங்களில் யாரோ எப்போதோ போட்ட பாலிஷ் வெள்ளையாக இறுகியிருந்தால், மூங்கில் பல்குச்சியை மினரல் டர்பன்டைனில் நனைத்து மெல்லக் கிளறுங்கள். சில எழுத்துகளில் கறுப்பு மெழுகு நிரப்பியிருப்பார்கள். அது அழுக்கு இல்லை, தோண்டிவிடாதீர்கள்.

கடைசியாக மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவான ரெனசான்ஸ் வேக்ஸ் இந்த வகைதான். ஓர் அரிசி அளவு எடுத்துப் பருத்தித் துணியில் பரப்பித் தடவி, சில நிமிடம் விட்டு, வேறு துணியால் துடைத்தால் ஆயிற்று. கார் பாலிஷ் வேண்டாம், அதில் அரைக்கும் தூள் இருக்கும். இத்தனைக்குப் பிறகும் லென்ஸ் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். பூச்சு தேய்ந்த இடத்தில் பித்தளை பழுப்பேறியிருக்கிறது, அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

போகிற போக்கில் ஒன்று: உங்கள் லென்ஸில் ஊர்ப் பெயர் பிரௌன்ஷ்வைக் என்று இருந்தால் அது 1849க்குப் பிந்தையது. வியன்னாவில் இருந்த ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் அந்த ஆண்டில்தான் ஜெர்மனியின் அந்த ஊரில் தொழிலைத் தொடங்கியது.

உங்கள் பதில் எனக்குத் தாமதம். ஏற்கெனவே புளி போட்டுத் தேய்த்துவிட்டோம். முதலில் பளிச்சென்று இருந்தது; இப்போது செம்பு மாதிரி இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிகின்றன. என்ன செய்வது? – கும்பகோணம் வாசகர்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். அமிலம் பட்டால் துத்தநாகம் முதலில் கரைந்து போகும், மேற்பரப்பில் செம்பு மிஞ்சும். நீங்கள் பார்ப்பது அதுதான். போன துத்தநாகத்தைத் திரும்ப ஏற்ற வழியில்லை. மேலோட்டமாக இருந்தால் மெருகில் மறையும்.

கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்து உலோகத்தைக் கழுவுங்கள். மரைகளிலும் எழுத்துகளிலும் தங்கிய புளி அப்போதுதான் அடங்கும்; இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் பச்சை பூக்கும். நல்ல நீரில் அலசி, ஹேர் டிரையரால் மரை இடுக்குவரை உலர்த்துங்கள். மிக நைசான சுண்ணத்தூளை (கால்சியம் கார்பனேட்; வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல) தண்ணீரில் குழைத்து, எழுத்துகளைத் தொடாமல், குழலைச் சுற்றிய திசையிலேயே மெருகிடுங்கள். கடைசலில் விழுந்த கோடுகள் அந்தத் திசையில்தான் ஓடுகின்றன. குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும்.

பூச்சே இல்லாத நிலையில் புதிதாக அரக்குப் போடுவதில் தவறில்லை. மெழுகு நீக்கிய அரக்குச் சீவல் 10 கிராம், 95 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் 100 மில்லி. ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். குழலை 50 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். கையில் பிடிக்க முடியும், ஆனால் ரொம்ப நேரம் பிடிக்க முடியாது என்கிற சூடு. அகலமான மென்முடித் தூரிகையால் ஒரே இழுப்பாகத் தடவுங்கள். விட்டுப்போன இடத்துக்குத் திரும்பிப் போனால் கோடு விழும், ஏனென்றால் புதுப்பூச்சில் உள்ள ஆல்கஹால் முந்தைய பூச்சைக் கரைக்கிறது. இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி. மழைநாளில் ஆரம்பிக்காதீர்கள், ஈரக் காற்றில் அரக்கு பால் போல வெளுக்கும். பித்தளையைச் சூடாக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். சரியாக வரவில்லையா? ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அதனால்தான் ஸ்பிரே வார்னிஷ், பாலியூரிதேன் வகைகளைச் சொல்வதில்லை. அவை சுலபத்தில் போகா.

அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் உபயோகிக்கலாமா? – வேலூர் வாசகர்

கூடாது. அம்மோனியா காரம், அரக்கைக் கரைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து பித்தளைக்கே உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் உலோகத்துக்குள் இருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்பது 1921இல்தான் விளங்கியது. லென்ஸ் குழலின் மெல்லிய வளையங்கள் அழுத்தி வளைத்துச் செய்தவை. அவற்றிலும் அந்த இறுக்கம் இருக்கலாம்.

முன் கண்ணாடியில் நீலமும் ஊதாவுமாக எண்ணெய்ப் படலம் போல ஏதோ தெரிகிறது. துடைத்தால் போகவில்லை. பற்பசை போட்டால் போகும் என்கிறார்கள். – சென்னை வாசகர்

பற்பசையைப் பல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அது என்னவென்று பிரித்துப் பார்ப்போம். கண்ணாடி மேல் வாயால் ஊதி, பஞ்சால் ஒற்றுங்கள். படலம் இழுபட்டு நகர்ந்தால் எண்ணெய். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிகிறதா? உள்ளே படிந்த ஆவியும் தூசியும், சுத்தம் செய்யலாம். எதற்கும் அசையாமல், நிறம் மட்டும் நீலமாக மின்னி, கண்ணாடிக்குள் தெளிவாகவே தெரிந்தால், அது கண்ணாடியின் தோலே மாறியிருப்பது. பல ஆண்டு ஈரத்தில் மேற்பரப்பிலிருந்து சில உப்புகள் வெளியேறி, ஒளியைக் குறைவாகத் திருப்பியடிக்கும் மெல்லிய அடுக்கு உண்டாகியிருக்கிறது.

அது குறையில்லை, லாபம். இங்கிலாந்தில் குக் டிரிப்லெட் என்ற மூன்று கண்ணாடி லென்ஸை 1893இல் வடிவமைத்த டென்னிஸ் டெய்லர், இப்படி நிறம் மாறிய பழைய லென்ஸ் புதிய லென்ஸைவிட அதிக ஒளியை உள்ளே விடுகிறது என்று கவனித்தார். 1904இல் கண்ணாடியை ரசாயனத்தால் வேண்டுமென்றே அப்படி மாற்றுவதற்குக் காப்புரிமையும் வாங்கினார். 1935இல் ஜெர்மனியின் ட்ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா வெற்றிடத்தில் பூச்சுப் போடும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய லென்ஸ்களின் ஊதா மினுக்கத்துக்கு மூலம் அதுதான். உங்கள் லென்ஸுக்குக் காலம் அதை இலவசமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறது. பற்பசையோ, கண்ணாடி மெருகிடும் தூளான சீரியம் ஆக்சைடோ போட்டுத் தேய்த்தால் படலம் போகும், கூடவே கண்ணாடியின் வளைவும் சீரற்றுப் போகும்.

சாதாரண அழுக்குக்கு: ஊதி, தூரிகையால் தட்டி, மருந்துக்கடைப் பஞ்சை விரல் நுனி அளவு சுருட்டி, பாதி காய்ச்சி வடித்த நீர், பாதி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலவையில் தொட்டு உதறுங்கள். சொட்டக் கூடாது. நடுவிலிருந்து வெளியே சுருளாக, எடையே கொடுக்காமல் இழுங்கள். விளிம்புக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். விளிம்பைத் தாண்டினால் ஆல்கஹால் பித்தளைப் பூச்சையும் கண்ணாடிகளை ஒட்டிய பிசினையும் தேடிப்போகும். ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு. பழைய லென்ஸ்களில் உள்ள ஃபிளின்ட் (ஈயம் கலந்த) கண்ணாடி மென்மையானது. பஞ்சில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், கோடு போட.

பெட்ஸ்வால் வகை லென்ஸைப் பிரித்துக் கழுவி மறுபடி பூட்டினேன். முன்பு நடுவில் கத்தி போல இருந்த படம் இப்போது எங்கேயுமே கூர்மையாக விழவில்லை. – கோவை வாசகர்

பின்பக்கக் கண்ணாடி ஒன்று தலைகீழாகப் போயிருக்கிறது. இந்த வகையில் எங்களுக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி இதுதான்.

ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் கணக்குப் போட்ட இந்த உருவப்பட லென்ஸில் நான்கு கண்ணாடிகள். முன்னால் இரண்டு ஒட்டியவை. பின்னால் இரண்டு ஒட்டாதவை, நடுவில் ஒரு மெல்லிய வளையம். முன் ஜோடியில் நன்றாகப் புடைத்த பக்கம் வெளியே, கிட்டத்தட்ட தட்டையான பக்கம் உள்ளே இருக்க வேண்டும். அதில் தவறு செய்வது கடினம். வம்பு எல்லாம் பின் ஜோடியில்.

பின் ஜோடியில் குழலின் நடுப்பக்கம் இருப்பது, ஒருபுறம் புடைத்து மறுபுறம் குழிந்த கண்ணாடி. லேசாகப் புடைத்த பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். ஆழமாகக் குழிந்த பக்கம் பின்னால். அந்தக் குழிக்கு எதிரே வளையம், அதற்குப் பின் இருபுறமும் புடைத்த கண்ணாடி. இந்தக் கண்ணாடியின் இரண்டு புடைப்பும் ஒரே அளவு இல்லை. அதிகம் புடைத்த பக்கம் குழியை நோக்க வேண்டும், குறைவாகப் புடைத்த பக்கம் ஃபிலிமை நோக்க வேண்டும். எது அதிகம் என்று கையில் தெரியாவிட்டால், கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே பிடித்து மேற்பரப்பில் தெரியும் ஜன்னலின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பிம்பம் சிறிதாக இருக்கும் பக்கம் அதிகம் வளைந்தது.

வளையத்தை மறந்துவிட்டாலோ, அதை வெளிப்புறம் போட்டுவிட்டாலோ இரண்டு கண்ணாடிகளும் விளிம்பில் உரசும். சில்லு தெறிக்கவும் கூடும்.

பால் கண்ணாடியில் (கேமராவின் பின்னால் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடி) சோதித்துப் பாருங்கள். ஒளித்துளையைக் குறைக்கும் தகடு எதுவும் போடாமல், தூரத்து டவரையோ மரக்கிளையையோ குவியுங்கள். நடுவில் மிகக் கூர்மை, ஓரங்களில் சுழல்வது போன்ற மங்கல் என்றால் சரியாகப் பூட்டியிருக்கிறீர்கள். ஓரச் சுழற்சி இந்த லென்ஸின் குணம். பலர் இதைத் தேடி வாங்குவதே அதற்காக.

ஒரு விதிவிலக்கு உண்டு. லென்ஸில் டால்மேயர் என்ற லண்டன் தயாரிப்பாளரின் பெயரும் 'பேட்டன்ட்' என்ற சொல்லும் இருந்தால் மேலே சொன்னது பொருந்தாது. டால்மேயர் 1866இல் பின் ஜோடியின் வரிசையைத் திருப்பிப் போட்டார். குழிந்த கண்ணாடி கடைசியில் வரும். அந்தக் கடைசிக் கண்ணாடியின் கிண்ணத்தைச் சில சுற்று தளர்த்தினால் படம் வேண்டுமென்றே மென்மையாகும்படி செய்திருந்தார். 'படம் மென்மையாக வருகிறது' என்று சொல்லும் டால்மேயர்காரர்கள் முதலில் அந்தத் திருகை இறுக்கிப் பாருங்கள்.

அடுத்த முறை பிரிக்கும்போது, ஒவ்வொரு கண்ணாடியையும் வெளியே எடுக்கும் முன் விளிம்பில் மென்மையான பென்சிலால் முன்பக்கத்தை நோக்கி ஓர் அம்பு போடுங்கள். அங்கே ஏற்கெனவே பென்சிலில் எண்ணோ கையெழுத்தோ இருக்கலாம். தொழிற்சாலையில் கண்ணாடியைக் குழலோடு ஜோடி சேர்த்தவர் எழுதியது அது. அந்த எண் குழலில் உள்ள வரிசை எண்ணோடு ஒத்துப்போனால் கண்ணாடி மாற்றப்படாதது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. விளிம்பைக் கழுவ வேண்டாம்.

முன் வளையம் ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை. பிளையர் போட்டுத் திருப்பலாமா? – திருநெல்வேலி வாசகர்

பிளையர் போட்டால் பல் பதியும், வளையமும் நீள்வட்டமாக நசுங்கும். நசுங்கிய வளையம் அதற்குப் பிறகு ஒருக்காலும் திரும்பாது. வெறும் கையாலும் அதே தப்பைச் செய்யலாம்: இரண்டு விரலால் எதிரெதிரே அழுத்திப் பிடித்தாலே மெல்லிய வளையம் நீள்வட்டமாகி மரையைக் கவ்விக்கொள்ளும். சுற்றளவு முழுக்க ஒரே சீராகப் பிடி விழ வேண்டும். பழைய சைக்கிள் டியூபை இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டி வளையத்தைச் சுற்றுங்கள். குழலுக்கு இன்னொரு துண்டு. உள்ளங்கையால் மூடிப் பிடித்துத் திருப்புங்கள்.

வரவில்லையா? ஊசி முனையில் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு, மரைக்கோட்டில் மட்டும். கண்ணாடி மேலேயும் மரை கீழேயும் இருக்கும்படி குழலை நிறுத்தி வையுங்கள். எண்ணெய் கண்ணாடிப் பக்கம் ஏறினால் ஒட்டுப் பிசினைக் கெடுக்கும். ஓர் இரவு பொறுங்கள். பிறகு வெளி வளையத்தை மட்டும் ஹேர் டிரையரால் சூடாக்கிப் பாருங்கள், 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். பிசின் 60, 70 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜில் வைத்துச் சுருக்கலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். திடீர்க் குளிரில் ஒட்டிய இரண்டு கண்ணாடிகளும் வேறு வேறு அளவில் சுருங்கும், பிரிந்துவிடும்.

கீழே விழுந்து விளிம்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தால் இதெல்லாம் பலிக்காது. விளிம்பை வட்டமாக்கும் இடுக்கி வைத்திருக்கும் லென்ஸ் மெக்கானிக்கிடம் போங்கள்.

முன் கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளி போல மின்னும் திட்டு, அதைச் சுற்றி வானவில் வளையங்கள். நடுவில் லேசான மஞ்சள். பிரித்து ஒட்ட வேண்டுமா? – யாழ்ப்பாணம் வாசகர்

ஓரத்தில் மட்டும் என்றால் தொடாதீர்கள். அது கனடா பால்சம் பிரிவது. பால்சம் ஃபிர் மரத்தின் பிசின் அது. ஒளியைக் கண்ணாடி அளவுக்கே வளைப்பதால் ஒட்டிய இடம் தெரியாது. காய்ந்து சுருங்கும்போது விளிம்பில் காற்று புகுந்து வெள்ளியாகத் தெரிகிறது. துளையைக் குறைத்துப் படம் எடுக்கும்போது ஓரம் பயன்படுவதே இல்லை. மஞ்சள் நிறமும் கறுப்பு வெள்ளைக்குத் தொல்லையில்லை. ஈரத்தகட்டு முறையில் (கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் படம் எடுப்பது) எடுப்பவர்களுக்கு மட்டும் ஒளி கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும், அந்தத் தகடு நீல ஒளிக்குத்தான் அசைந்து கொடுக்கும்.

பிரிவு நடுவரை வந்துவிட்டதா? அப்போது மறு ஒட்டு தேவை. முதலில் இரண்டு கண்ணாடிகளின் விளிம்புக்கும் குறுக்கே ஒரே பென்சில் கோடு போடுங்கள். மறுபடி சேர்க்கும்போது அதே கோணத்தில் சேர்க்க வேண்டும். பிறகு மூடியுள்ள கண்ணாடி ஜாடியில், அடியில் துணி போட்டு, அசிட்டோனிலோ சைலீனிலோ ஊறவிடுங்கள். சில நாள், சில சமயம் சில வாரம். காற்றோட்டமுள்ள இடம், அடுப்புக்குத் தூரம். அவசரத்துக்கு வெந்நீரில் போடுவதுதான் வழக்கமான விபத்து. ஒட்டிய ஜோடியில் ஒன்று ஈயமில்லாத கிரவுன் கண்ணாடி, மற்றது ஃபிளின்ட் கண்ணாடி; இரண்டும் சூட்டில் ஒரே மாதிரி விரிவதில்லை. ஃபிளின்ட் விரிசல் விடும். கத்தியை இடுக்கில் விட்டு நெம்பினாலும் சில்லு போவது நிச்சயம்.

ஒட்டுவதற்கு மறுபடி பால்சமே போடுங்கள். குழிந்த கண்ணாடியை மேல்நோக்கி வைத்து நடுவில் ஒரு சொட்டு, மேலே மற்றதை இறக்கி, மெல்லச் சுழற்றிக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளுங்கள். இரண்டின் விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்க, வி வடிவ மரக்கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு அசைக்காதீர்கள். புற ஊதா ஒளியில் இறுகும் நவீனப் பசைகள் சுலபம்தான், ஆனால் அடுத்த முறை பிரிப்பவருக்கு அவை நரகம். விலைமதிப்புள்ள லென்ஸானால் முதல் முயற்சியை அதில் செய்ய வேண்டாம். உடைந்த பைனாகுலரின் முன் கண்ணாடியில் கை பழகுங்கள்.

பூஞ்சை பிடித்திருக்கிறது. வெயிலில் வைத்தால் போகுமா? எப்படிப் பாதுகாப்பது? – நாகர்கோவில் வாசகர்

வெயிலில் வைத்தால் வீடு எரியும். கையகலப் பெட்ஸ்வால் லென்ஸ் சூரியனைக் குவிப்பது விளையாட்டில்லை, திரைச்சீலை போதும். பூஞ்சையும் அதனால் போகாது.

ஒட்டாத கண்ணாடியானால் கிண்ணத்திலிருந்து வெளியே எடுங்கள். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம்; அதே அளவு காய்ச்சி வடித்த நீர் கலந்து 3 ஆக்கிக்கொள்ளுங்கள். பஞ்சில் நனைத்துக் கண்ணாடி மேல் இரண்டு, மூன்று நிமிடம் படரவிட்டு, துடைத்து, நீரில் அலசி உலர்த்துங்கள். பித்தளையில் படக் கூடாது. ஒட்டிய ஜோடியானால் மேற்பரப்பை மட்டும் துடையுங்கள், ஊறவிட வேண்டாம். பூஞ்சை போன பிறகும் சிலந்தி வலை போலத் தடம் மிஞ்சினால், அது கண்ணாடியை அரித்துவிட்டது. அப்படியே இருக்கட்டும், எதிரொளியில் கொஞ்சம் மங்கும், மற்றபடி படத்தில் தெரியாது.

பூஞ்சை வித்து எங்கும்தான் இருக்கிறது. ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பிரித்து வைப்பதைவிட ஈரத்தைக் குறைப்பதே காரியம். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, பத்து லிட்டருக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய டிஜிட்டல் ஈரமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். 30க்குக் கீழே போனால் பால்சமும் அரக்கும் காய்ந்து வெடிக்கும், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். ஜெல் நிறம் மாறியதும் மின்சார ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும்.

அந்துருண்டை, கற்பூரம் இரண்டும் டப்பாவுக்குள் வேண்டாம். ஆவியாகிக் கண்ணாடியில் படியும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அமிலம். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் பித்தளையில் கறுப்புக் கோடு போடும்.

தோல் மூடியைக் கழற்றினால் பித்தளை விளிம்பில் பச்சையாக, மெழுகு போல ஏதோ ஒட்டியிருக்கிறது. – தஞ்சை வாசகர்

தோலில் உள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்தது. மூங்கில் குச்சியும் மினரல் டர்பன்டைனும் போதும். மூடியை லென்ஸோடு போடாமல் அதே டப்பாவில் தனியாக வையுங்கள். பழைய மூடிக்கு மதிப்பு உண்டு, எறிய வேண்டாம். வெளிர் பச்சைத் தூளாக இருந்து, துடைத்த சில நாளில் திரும்ப வந்தால் அது வேறு நோய். கடற்காற்றின் குளோரைடு உலோகத்துக்குள் போயிருக்கிறது. முதலில் நன்கு உலர்ந்த டப்பாவில் வைத்து அடக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மியூசியங்களில் உலோகப் பாதுகாப்பு பார்ப்பவர்களிடம் காட்டுவது நல்லது.

ஐரிஸ் (மெல்லிய இதழ்களால் ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் அமைப்பு) இறுகிவிட்டது. துருநீக்கி ஸ்பிரே அடிக்கலாமா? – சேலம் வாசகர்

அடித்தால் இன்றைக்குத் திறக்கும், அடுத்த மாதம் இதழ்கள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் ஊசிகள் பிய்ந்து வரும். சில பழைய ஐரிஸ்களில் இதழ்கள் எஃகு அல்ல, எபோனைட் என்ற கெட்டி ரப்பர், சூடும் ஆகாது. லைட்டர் பெட்ரோலை ஒரு சொட்டு விட்டு, கைப்பிடியை நூலிழை நூலிழையாக அசைத்து, வரும் அழுக்கைத் தாளில் ஒற்றுங்கள். கண்ணாடிகள் வெளியே இருக்க வேண்டும். காய்ந்ததும் எதுவும் தடவ வேண்டாம். ஐரிஸ் எண்ணெயில்லாமல் ஓட வேண்டியது.

அளவு வளையத்தில் 4, 8, 16, 32, 64 என்று இருக்கிறது. இது எஃப் எண்ணா? – ஈரோடு வாசகர்

எஃப் எண் என்பது குவியத்தூரத்தைத் துளையின் அளவால் வகுத்து வருவது. இங்கே எண்கள் இரட்டிப்பாகப் போகின்றன, எனவே இல்லை. 1881இல் பிரிட்டனின் புகைப்படச் சங்கம் கொண்டுவந்த 'யூனிஃபார்ம் சிஸ்டம்'. அதில் 4 என்றால் எஃப் 8, 8 என்றால் எஃப் 11, 16க்கு 16தான், 32 என்றால் எஃப் 22, 64 என்றால் எஃப் 32. ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது.

குழலின் மேல் ஒரு நீளமான வெட்டு இருக்கிறது. அதில் செருகும் தகடுகள் தொலைந்துவிட்டன. புதிதாகச் செய்ய முடியுமா, துளை அளவு எப்படிக் கணக்கிடுவது? – மதுரை வாசகர்

முடியும், ஒரு மதிய வேலை. 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதற்கு முன் துளையை மாற்றக் கண்ணாடியைக் கழற்றி வளையம் போட வேண்டியிருந்தது.

குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்து அந்த அளவுக்கே துளை போடுவதுதான் பலரும் செய்வது. அது தவறு. முன் கண்ணாடி பூதக்கண்ணாடியாக வேலை செய்து துளையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது; ஒளியின் கணக்குக்குப் பெரிதாகத் தெரியும் அளவுதான் செல்லும். எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதை இப்படி அளக்கலாம். கேமராவில் தூரத்துப் பொருளைக் குவித்து நிறுத்துங்கள். பால் கண்ணாடியை எடுத்துவிட்டு, அதே தளத்தில், நடுவில் 2 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெட்டுக்குள் 40 மில்லிமீட்டர் துளை வெட்டிய அட்டையைச் செருகுங்கள். அறையை இருட்டாக்கி, லென்ஸின் முன்னால் டிரேசிங் தாளைப் பிடித்தால் ஒரு வட்டம் விழும். அதை அளவுகோலால் அளங்கள். 44 மில்லிமீட்டர் என்றால் பெருக்கம் 1.1.

இனிச் சுலபம். குவியத்தூரம் 300 மில்லிமீட்டர், எஃப் 8 வேண்டும் என்றால் 300ஐ 8ஆல் வகுத்து 37.5, அதை 1.1ஆல் வகுத்தால் 34. அட்டையில் 34 மில்லிமீட்டர் துளை. எஃப் 11க்கும் 16க்கும் இதே வழி. தகடே இல்லாமல் விழும் வட்டத்தை அளந்தால் லென்ஸின் முழுத்திறப்பு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் கறுப்பு அட்டையிலேயே செய்து சில படம் எடுத்துப் பாருங்கள். பித்தளைத் தகட்டில் வெட்டுவதானால் வெட்டின் அகலத்தை அளந்து அதைவிட அரை மில்லிமீட்டர் குறைவான கனமுள்ள தகடு வாங்குங்கள். உரசிக்கொண்டு போனால் குழலின் உட்பக்கக் கறுப்பு உதிர்ந்து பின் கண்ணாடியில் விழும். துளையின் விளிம்பை ஒரு பக்கம் சாய்வாக அராவி மெல்லியதாக்கி, பளபளக்காத கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். செருகியதும் வெட்டைச் சுற்றிக் கறுப்புத் துணிப்பட்டை ஒன்று கட்டிவிடுங்கள், வெளிச்சம் கசியும் இடம் அது.